பத்து வீட்டு ஆட்சேபணை

வியாகுலமேரி தன் புருஷன் பேரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. சாமியார்தான் அந்தப் பேரை வாசித்து, இவனை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அவள் "சம்மதஞ் சாமி" என்றாள். அதுவும் முன்னால் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. பேரைச் சொல்வது சாமியார் வேலை, சம்மதிப்பது நம் வேலை என்று அன்றைக்கே அவள் மனசில் முடிவாகிவிட்டது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவன் பேர் அந்தோணிமுத்து. வாகையடிப்பட்டிக் கோவிலும் அந்தோணியார் கோவில். செவ்வாய்க்கிழமை பிரார்த்தனையில் எல்லோரும் "அர்ச்சியசிஷ்ட அந்தோணியாரே" என்று இழுக்கும்போது, அவள் மட்டும் "பதுவைப் பதியரே" என்று, அதே சாமியின் ஊர்ப் பேரைச் சொல்லி, ஓரமாக ஒதுங்கிப் பாடுவாள். அவள் மட்டும் என்று சொல்வதும் சரியில்லை. கோவில் தெருவில் மொத்தம் பதினாலு வீடு. தலைப்பிள்ளைக்குக் கோவில் பேரை வைப்பதாக நேர்ந்துகொள்வது அந்தத் தெருவின் வழக்கம். ஆகவே பதினாலு வீட்டில் ஐந்து அந்தோணிமுத்துக்கள் இருந்தார்கள், ஐந்து பெண்டாட்டிமார் பதுவைப் பதியரைக் கூப்பிட்டார்கள். பாட்டு அந்த இடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்ளும். சாமியாருக்கும் பழகிப்போயிற்று.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் ஆத்தா சொல்லியிருந்தாள். வியாகுலமேரிக்குப் புருஷன் என்றால் உயிர். அந்த ஆயுசில் அரை நாள் குறையவும் அவள் சம்மதிக்கமாட்டாள். சோறு போட்டு வைத்துவிட்டு அவனைக் கூப்பிட வேண்டுமானால் கும்பாவை அகப்பையால் தட்டுவாள். எங்கே இருந்தாலும் வந்துவிடுவான். அவனும் நல்லவன்தான். பசித்த பிறகுதான் வர வேண்டும் என்று இல்லாமல், தட்டியதற்காகவே வந்து உட்காருவான்.

அப்பேர்ப்பட்டவன் தை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் மலைக்குப் போயிருந்தான். பெரியாற்றில் அணை கட்டுகிறார்கள் என்று பள்ளத்தாக்கு முழுக்க ஆள் எடுத்தார்கள். கூலி அதிகம், காய்ச்சலும் அதிகம். மழையில்லாமல் போன வருசம் அது. கம்பத்தில் இருந்தும், கூடலூரில் இருந்தும், இந்தச் சின்ன வாகையடிப்பட்டியில் இருந்தும் ஆம்பளைகள் போனார்கள். எந்த ஊர்க்காரன் என்று கங்காணி அத்தாட்சி கேட்பான் என்றார்கள். அதனால் ஆளுக்கு ஆள் வீட்டு வரி கட்டின ரசீதை மடித்து மடியில் செருகிக்கொண்டு போனார்கள்.

போன வருசமும் போனார்கள். சித்திரையில் கோடைமழை பிடித்துக்கொண்டதும் குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்தார்கள். மலைப்பாதை முடியும் இடத்தில், ஊருக்கு இரண்டு மைல் அப்பால், வழிப்போக்கர் தங்க ஒரு ஓலைக் கொட்டகை இருந்தது. அது முந்தின ஆடிக்காற்றில் பறந்துபோயிருந்தது. எதிர்வீட்டு ஜக்கம்மாவின் தம்பி செல்லப்பாண்டி அங்கே புளியமரத்தடியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நனைந்து கிடந்தான். வண்டி கொண்டுபோய் ஏற்றி வந்தார்கள். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். ஜக்கம்மா நாயக்கர் வீட்டுப் பொம்பளை, விதவை, வீடும் வாழைத்தோட்டமும் தன் பேரிலேயே வைத்திருந்தவள், யாருக்கும் பயப்படாதவள். அவள் அன்றைக்கு அழுத அழுகையை வியாகுலமேரி மறக்கவில்லை. இந்தச் சித்திரையில் இறங்கி வரப்போகிறவர்களில் தன் வீட்டு ஆளும் ஒருவன் என்ற நினைப்பும் அவளை விடவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து நாலு நாள். தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. யூனியனின் அடுத்த வருசத்து வரவு செலவுத் திட்டம் சாவடியில் ஒட்டியிருக்கிறது, பதினைந்து நாள் இருக்கும், வீட்டு வரி கட்டுகிறவர்கள் வந்து பார்த்து ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றான் தமுக்கு அடித்தவன். வீட்டு வரி வாங்கி ஊர்ச் செலவைப் பார்க்க யூனியன் என்று ஒன்று வந்து நாலைந்து வருசம் ஆயிற்று. வருசா வருசம் இதே தமுக்கு அடிக்கிறது. ஒருத்தரும் போனதில்லை. ஒட்டின காகிதத்தை ஆடு தின்றுவிட்டுப் போகும்.

"ஏத்தா மேரி, ஆட்சேபணைன்னா என்ன?" என்றாள் ஜக்கம்மா.

"இப்பிடிச் செலவு பண்ணாதீக, அப்பிடிப் பண்ணுங்கன்னு சொல்றதாம்."

"அதைச் சொல்றதுக்கு வரச் சொல்லி அவுகளே தமுக்கு அடிக்கிறாகளா? அப்ப வா, போவோம்."

சாவடியில் குமாஸ்தா ஞானசிகாமணி ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தான். கெங்குவார்பட்டிக்காரன், இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நாலு வார்த்தை பேச ஆள் இல்லாமல் வாடிக் கிடந்தவன், இரண்டு பொம்பளைகள் ஆட்சேபணை சொல்ல வந்திருக்கிறார்கள் என்றதும் எழுந்தே நின்றுவிட்டான். காகிதத்தை வரி வரியாக வாசித்தான். விளக்கு எண்ணெய்க்கு இவ்வளவு, தெருக் கூட்டுவதற்கு இவ்வளவு, கிணறு தூர் வாருவதற்கு இவ்வளவு, மேலதிகாரி வருகைக்காக ஊர் வாசலில் சுண்ணாம்பு வைத்துக் கட்டும் அலங்கார வளைவுக்கு நாற்பது ரூபாய்.

"கொட்டகைக்கு?" என்றாள் வியாகுலமேரி.

அவன் தலைப்பில் இருந்து அடி வரைக்கும் விரலை ஓட்டினான். "கொட்டகை இல்லையே."

"அது இல்லைன்னுதான் வந்திருக்கோம், தம்பி," என்றாள் ஜக்கம்மா. "வளைவுக்கு அடியில எத்தனை பேர் படுக்கலாம்? அதைக் கேட்டுச் சொல்லு."

ஞானசிகாமணி நல்ல பையன். விதி என்ன என்பதைப் பொறுமையாக விளக்கினான். ஒரே விஷயத்துக்குப் பத்து வீட்டுக்காரர்கள் ஆட்சேபணை சொன்னால், பஞ்சாயத்துக் கூட்டத்தில் அதை எடுத்துப் பேசியே ஆக வேண்டும். அதற்குக் குறைந்தால் சேர்மன் இஷ்டம். வரிதாரர் ஊரில் இல்லையென்றால் வீட்டுக்காரி சொல்லலாம். வரிதாரர் பேர் மட்டும் வேண்டும். ரசீது இருந்தால் அதுவே போதும்.

ஜக்கம்மா பேர் முதலில் ஏறியது. பிறகு அவள் தெருத் தெருவாக அலைந்தாள். ஆம்பளைகள் ஊரில் இருந்த வீடுகளில் அவர்களையே கிளப்பி அனுப்பினாள். வாரம் முடிவதற்குள் ஏழு வீடு சேர்ந்துவிட்டது. மிச்சம் மூன்று. மலைக்குப் போனவர்கள் வீட்டில்தான் கேட்க வேண்டும். வியாகுலமேரி, பாக்கியம், இன்னாசியம்மாள் மூன்று பேரும் மறு பேச்சில்லாமல் கிளம்பி வந்தார்கள். கொட்டகை யாருக்கு வேண்டியதோ அவர்கள் வராமல் இருப்பார்களா?

"வரிதாரர் பேர்?" என்று கேட்டான் ஞானசிகாமணி.

மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"ரசீது?"

ரசீது மூன்றும் மலையில் இருந்தது. வியாகுலமேரி கழுத்துச் சிலுவையை உருட்டிக்கொண்டே, "நம்ம கோவில் சாமி பேருதான்," என்றாள். பாக்கியம், "எங்க வீட்லயும்," என்றாள். இன்னாசியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். ஜக்கம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தோணிமுத்து, அந்தோணிமுத்து, அந்தோணிமுத்து. எழுதிக்கப்பா," என்றாள். அவனும் எழுதிக்கொண்டான். பத்து ஆயிற்று. நாலு பேரும் வரும் வழியில் முறுக்கு வாங்கித் தின்றார்கள்.

பதினாலாம் நாள் சேர்மன் சங்கரலிங்கம் பிள்ளை பட்டியலைப் பார்த்தார். உப்புக் கடையும் நஞ்சையும் உள்ளவர், கெட்ட மனுஷர் இல்லை. அலங்கார வளைவு மேல் கொஞ்சம் ஆசை, அவ்வளவுதான். மேலதிகாரி அதன் வழியாகக் குதிரையில் வருவதையும், தான் மாலையோடு நிற்பதையும் பலமுறை மனசுக்குள் பார்த்துவிட்டார். அவர் கண்ணில் பட்டது எட்டாம் வரி, ஒன்பதாம் வரி, பத்தாம் வரி. மூன்றிலும் ஒரே பேர். பேனாவை எடுத்து இரண்டை அடித்தார். எட்டு.

செய்தி கேட்டு ஜக்கம்மா சாவடிக்குப் பறந்தாள். வியாகுலமேரி பின்னால் ஓடினாள்.

"மூணும் மூணு ஆளுன்னு உங்களுக்குத் தெரியாதா? பொறந்ததுல இருந்து இந்த ஊர்லதான இருக்கீக?"

"எனக்குத் தெரியும் ஜக்கம்மா. மேல தாலுகா போர்டுல இதை வாசிக்கிறாகளே, அவுகளுக்குத் தெரியுமா? ஒரே ஆள் பேரை மூணு தடவை எழுதிப்புட்டான்னு என்னையத்தான் கேப்பாக." பிள்ளை குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்தார். "தகப்பன் பேரோட எழுதியிருக்கணும். அதுவும் அடுத்தவுக சொல்லக் கூடாது. வீட்டுக்காரி தன் வாயால சொல்லணும். அதுதான் விதி. நாளைக்குக் கூட்டம். மூணு பேரும் வந்து சொன்னா, அடிச்சதை நானே எழுதிடுறேன்."

புருஷன் பேரே ஆகாது. இப்போது மாமனார் பேரும் சேர்ந்துகொண்டது. ஞானசிகாமணி குனிந்த தலை நிமிரவில்லை.

அன்றைக்குப் பிற்பகல் வியாகுலமேரி துணியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். துவைப்பதற்கு இருந்தது ஒரே ஒரு சேலைதான். யாரும் இல்லாத இடம் பார்த்துச் சொல்லிப் பழகலாம் என்று போனாள். "அ" என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது, ஒரு சேதியும் இல்லை. இப்போது எந்த நிலைமையில் இருக்கிறானோ? காய்ச்சலில் கிடந்து, உயிர் ஒரு நூலில் தொங்குகிற நேரமாகப் பார்த்து நாம் பேரைச் சொல்லி அதை அறுத்துவிட்டால்? சொல்லாமல் இருந்தாலோ கொட்டகை இல்லை. புளியமரம்தான். செல்லப்பாண்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வண்டியில் வைக்கோல் நனைந்து சொட்டிக்கொண்டே வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்லின் மேல் உட்கார்ந்து, பொறுக்கமுடியாமல் அழுதாள். கட்டின புருஷனைக் காப்பாற்ற வேறு வழியே வைக்கவில்லையா இந்தச் சர்க்கார் என்று கோபமும் வந்தது.

மறுநாள் சாவடியில் கூட்டம். பஞ்சாயத்தார் ஐந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஊர் நின்றது. வரவு செலவுத் திட்டம் பேசுவதைக் கேட்க அந்த ஊரில் கூட்டம் கூடியது அதுதான் முதல் தடவை. மூன்று பொம்பளைகள் புருஷன் பேரைச் சொல்லப்போகிறார்கள் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஒன்றும் குறை சொல்வதற்கில்லை.

"சொல்லுங்கம்மா," என்றார் பிள்ளை.

பாக்கியம் இன்னாசியம்மாளைப் பார்த்தாள். இன்னாசியம்மாள் வியாகுலமேரியைப் பார்த்தாள். வியாகுலமேரிக்குப் பார்க்க ஆள் இல்லை. ஒரு அடி முன்னால் வந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வெளியே எவனோ ஒருவன் சிரித்தான்.

"ஏலே, எவன்லே அது சிரிச்சது?" என்று ஜக்கம்மா திரும்பினாள். சிரிப்பு நின்றது.

வியாகுலமேரி கண்ணை மூடிக்கொண்டாள். பதுவைப் பதியரே, இது உம்ம பேரும்தான், ஏதாவது வருவதானால் நீரே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை மனசுக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அந்தோணிமுத்து."

ஞானசிகாமணி தலை நிமிர்ந்தான்.

"சவரிமுத்து மகன் அந்தோணிமுத்து," என்றாள், இந்தத் தடவை வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. சொல்லும்போது அந்தப் பேர் வாய்க்கு இனித்தது. இத்தனை வருசம் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் இதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நமக்கு மட்டும் இல்லாமல் போயிற்றே என்று ஒரு நொடி தோன்றியது. உடனே பயம் வந்து மூடிக்கொண்டது.

பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே, "மிக்கேல் மகன் அந்தோணிமுத்து," என்றாள். இன்னாசியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். தெளிவாக இல்லை என்று ஞானசிகாமணி பயந்து பயந்து சொன்னதும், தலைப்பை எடுத்துவிட்டு, "இராயப்பன் மகன் அந்தோணிமுத்து! போதுமா?" என்று ஒரு சத்தம் போட்டாள். தெருவில் போன மாடு நின்று பார்த்தது.

சங்கரலிங்கம் பிள்ளை பேனாவை எடுத்தார். முப்பது வருசமாக அவர் வீட்டு அம்மாள் அவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். அடித்த இரண்டு வரியையும் தம் கையாலேயே எழுதினார். "பத்து," என்றார். "கொட்டகை வேணுங்கிறது பத்து வீட்டு ஆட்சேபணை. இப்ப இதுக்குப் பணம் எங்கன இருக்குன்னு சொல்லுங்க. வளைவுல கை வைச்சா, பெரியவுக வரும்போது ஊர் வாசல் மொட்டையா நிக்கும்."

"அதுக்கு ஏன் சுண்ணாம்பும் செங்கலும்?" என்றாள் ஜக்கம்மா. "என் தோட்டத்துல தார் போட்ட வாழை ரெண்டு வெட்டித் தாரேன். தாரோட தாரேன். மாவிலை கட்டிக்கங்க. வர்றவுக குதிரையில இருந்தபடியே ஒரு பழம் பறிச்சுத் திங்கலாம். சுண்ணாம்பு வளைவுல எதைத் திம்பாக?"

பஞ்சாயத்தார் சிரித்துவிட்டார்கள். பிள்ளைக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் வளைவு போகிறதே என்ற வருத்தமும் முகத்தில் இருந்தது. நாற்பது ரூபாயை வளைவில் இருந்து எடுத்து, கல்தூணும் ஓடும் போட்ட கொட்டகைக்கு மாற்றி எழுதினார்கள். தாலுகா போர்டிலும் மறுத்துச் சொல்லவில்லை. ஏப்ரல் மாதம் பிறந்ததும் கல் இறங்கியது. வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லித் தினமும் போய் நின்றவள் ஜக்கம்மா. கொத்தனார் அவளுக்குப் பயந்து வெயிலிலும் வேலை செய்தான்.

வியாகுலமேரி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. பேரைச் சொன்ன நாளில் இருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மலையில் இருந்து யார் வந்தாலும் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள், சேதியைக் கேட்கப் பயந்தாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னாள். இது பாவமே இல்லை மகளே என்றார் அவர். பாவமா என்று அவள் கேட்கவில்லை, பலிக்குமா என்று கேட்டாள்.

சித்திரை பத்தாம் தேதி வானம் கறுத்து, கொட்டு கொட்டென்று கொட்டியது. பகல் சாய்வதற்குள் ஜக்கம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "ஏத்தா, இறங்கிட்டாக. பதினஞ்சு பேரு. எல்லாம் காச்சலு. கொட்டகைக்குள்ள கிடக்காக. யார் யாருன்னு தெரியலை. கஞ்சியை எடு."

இரண்டு மைல் அவள் எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. கொட்டகைக்கு வெளியே மழை சுவர் மாதிரி விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வரிசையாகப் பதினைந்து கறுப்புக் கம்பளி. வேலையிடத்தில் கொடுத்தது, எல்லாம் ஒரே மாதிரி. தலையோடு காலாக இழுத்து மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று அவனா, இல்லை பதினைந்தில் ஒன்றுகூட அவன் இல்லையா?

கஞ்சிக் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "இந்தாருங்க," என்று கூப்பிட்டாள்.

ஆறு கம்பளி அசைந்தது. ஆறு பேர் தலையைத் தூக்கி, "என்னத்தா?" என்றார்கள். எந்த வீட்டுப் புருஷனுக்கும் அதுதானே பேர்? ஆறும் அவன் இல்லை. ஆறு பேரும் தங்கள் பெண்டாட்டி இல்லை என்று தெரிந்ததும் தலையைக் கீழே போட்டுக்கொண்டார்கள்.

வியாகுலமேரி அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"அந்தோணிமுத்து!" என்றாள்.

இரண்டு கை எழுந்தது. ஒன்று பாக்கியம் வீட்டுக்காரர். இன்னொன்று இன்னாசியம்மாள் வீட்டுக்காரர். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் இருந்த பலத்தை எல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"சவரிமுத்து மகன் அந்தோணிமுத்து!"

கடைசி மூலையில் ஒரு கம்பளி மெல்ல எழுந்து உட்கார்ந்தது. தாடியும் குழி விழுந்த கண்ணுமாக ஒரு முகம் வெளியே வந்தது.

"ஏத்தா மேரி," என்றான் அவன், பல் கிடுகிடுக்க. "எங்கப்பன் பேரையுமா சொல்லிப்புட்ட?"

அவள் ஓடிப் போய் அவன் பக்கத்தில் விழுந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. மடியில் சாய்த்துக்கொண்டு கஞ்சியை வாயில் வைத்தாள், பாதி அவன் தாடியில் ஊற்றினாள்.

"முன்னயும் சொன்னேன். ஊர்க் கூட்டத்துல, அத்தனை பேருக்கு முன்னால," என்றாள் அழுதுகொண்டே. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? சொல்லுங்க, ஒண்ணும் ஆகலையே?"

"ஆச்சே," என்றான் அந்தோணிமுத்து. "மூணு நாளா எந்திரிக்க முடியாமக் கிடந்தவன். நீ பேரைச் சொன்னதும் எந்திரிச்சு உக்காந்துட்டேன்ல."